அரிசி மூட்டை நனைந்த கதை: யூட்டிலிட்டி அறையின் நாலு இஞ்ச் சுவர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருப்பது நூறு வருஷத்துக்கு மேலான டெரஸ் வீடு, அதாவது பக்கத்து வீடுகளோடு ஒட்டி வரிசையாகக் கட்டியது. சமையலறைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன அறைதான் யூட்டிலிட்டி. ஒரு காலத்தில் கரி போட்டு வைத்த இடமும் வெளிக்கழிப்பறையும் அது. நடுச்சுவரை எடுத்து யாரோ ஒரே அறையாக்கியிருக்கிறார்கள். வாஷிங் மெஷின், துணிக்கொடி, அரிசி மூட்டை எல்லாம் அங்கேதான்.

முதல் குளிர்காலத்தில் அரிசி எடுக்கப் போன மனைவி என்னைக் கூப்பிட்டார். மூட்டையின் சுவர்ப்பக்கம் சில்லென்று நனைந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் அடியில் பச்சைப் பூஞ்சை, அரிசி கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தது. பாதி மூட்டையைக் கொட்டினோம். அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பின்கதவு நிலையருகே டேப்பை வைத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வீட்டின் மற்ற சுவர்கள் ஒன்பது இஞ்ச். இது ஒரே வரிசைச் செங்கல், 102 மி.மீ. சொச்சம். வெளியே 0 டிகிரி, அறைக்குள் 20 டிகிரி என்றால் இப்படிப்பட்ட சுவரின் உட்புறம் ஏறக்குறைய 12 டிகிரியில் நிற்கும். துணி காயும் அறையில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தொட்டாலே, அதே 12 டிகிரியில் காற்றிலுள்ள நீர் படிய ஆரம்பித்துவிடும். அலமாரிக்குப் பின்னாலும் மூலையிலும் இன்னும் குளிர், அங்கேதான் முதலில் கறுக்கும்.

ஒரு பில்டரை அழைத்தோம். வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் ஒட்டிய பிளாஸ்டர்போர்டை, அதாவது ஜிப்சம் பலகையை, பசை உருண்டைகள் வைத்துச் சுவரிலேயே நேராக ஒட்டிவிட்டு இரண்டு நாளில் போய்விட்டார். பார்க்க அழகாக இருந்தது, அறையும் சூடாகத்தான் இருந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் ஈரச்சாக்கு வாசனை. ஒரு பலகையைப் பெயர்த்தேன். பசை உருண்டை இருந்த இடமெல்லாம் வட்டவட்டமாக ஈரம், நடுவில் கரி பூசினாற்போல் பூஞ்சை. மேற்கிலிருந்து அடிக்கும் மழை அந்த ஒற்றை வரிசைச் செங்கல்லைத் தாண்டி உள்ளே வந்து, பசை வழியாகப் பலகையைத் தொட்டிருக்கிறது. அறையின் ஈரக்காற்றும் பலகை இடுக்கு வழியே பின்னால் புகுந்து, அறைச் சூடு எட்டாமல் முன்பைவிடக் குளிர்ந்துபோன செங்கல்லில் படிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் நனைகிற சுவரைத்தான் மூடி வைத்திருந்தோம்.

இரண்டாவது முறை வெளியிலிருந்து தொடங்கினேன். ஒழுகிய மழைக்குழாயை மாற்றினோம். செங்கல் இடுக்குகளில் முன்பு யாரோ அடைத்திருந்த சிமென்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது; உறைபனியில் பழைய செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். அப்புறம் ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிட்டேன். பொறுமை வேண்டியது அதற்குத்தான்.

உள்ளே 25 மி.மீ. மரச்சட்டம். மரத்துக்குப் பின்னால் ஈரத்தடுப்புப் பட்டை, சட்டத்தால் செங்கல்லுக்கு முன்னால் உண்டான இடைவெளிக்கு வெளிக்காற்று வர மேலும் கீழும் துளைகள். அதன் மேல் 75 மி.மீ. பிஐஆர் பலகை (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை), இடுக்கெல்லாம் அலுமினிய டேப், பிறகு ஆவித்தடுப்புத் தாள், கடைசியில் பிளாஸ்டர்போர்டு. ஆவித்தடுப்பு எப்போதும் சூடான பக்கம்தான் இருக்க வேண்டும். 50 மி.மீ. போதாதா என்று நானும் கேட்டேன். சுவர் வழியே எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பதுதான் யு-மதிப்பு, குறையக் குறைய நல்லது. இங்கிலாந்து விதி கேட்கும் யு-மதிப்பு 0.30, 50-ல் 0.38 அளவில் நிற்கும், 75-ல் 0.27-க்கு வந்துவிடும். அறை நாலரை இஞ்ச் சுருங்கியது. ஈரம் கூடினால் தானாக ஓடும் ஃபேன் ஒன்றும் வைத்தோம். அது இல்லாமல் இந்த வேலையை யாரும் செய்யாதீர்கள்.

பதில், லெஸ்டரிலிருந்து:

அண்ணா, தண்ணீர்க் குழாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் யூட்டிலிட்டியில் தோட்டத்துக்குப் போகும் செம்புக் குழாய் சுவரை ஒட்டி ஓடியது. அதை அப்படியே விட்டுவிட்டு மேலே பலகை அடித்தோம். அதுவரை அறைச் சூட்டில் பிழைத்திருந்த குழாய், பலகைக்குப் பின்னால் குளிரில் மாட்டிக்கொண்டது. 2022 டிசம்பர் குளிரில் உறைந்து இணைப்பில் வெடித்தது. உருகிய பிறகுதான் தெரிந்தது, தரையெல்லாம் தண்ணீர். இப்போது குழாய் பலகைக்கு முன்னால், அறைப் பக்கம். உள்ளேயே ஒரு வால்வும் உண்டு. நவம்பரில் அதை மூடி, வெளியே குழாயைத் திறந்து வடித்துவிடுகிறேன். நீங்கள் அலமாரியை எப்படி மாட்டினீர்கள்?

பதில், ஈஸ்ட் ஹாம்:

தம்பி, நல்லவேளை சொன்னீர்கள், எங்கள் வெளிக்குழாயை இந்த வாரமே பார்க்கிறேன். அந்தச் சுவரில் பாரம் எதுவும் மாட்டவில்லை. வெறும் பிளாஸ்டர்போர்டு சோப்புத்தூள் டப்பாக்களைத் தாங்காது. மாட்டியே ஆக வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் 18 மி.மீ. ப்ளைவுட் வைத்து, மரச்சட்டம் வரை நீளத் திருகு போட வேண்டும். எங்கள் அலமாரி சமையலறைப் பக்கச் சுவரில் இருக்கிறது. அரிசி மூட்டையும் அந்தப் பக்கம்தான், மணைப்பலகை மேல்.