உறுப்பு தானச் சான்றிதழ் இருந்தால் போதுமா, அம்மா சம்மதிக்காவிட்டால்?

தென்காசிப் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஆதார் எண் கொடுத்து இணையத்தில் உறுப்பு தான உறுதிமொழி பதிவு செய்தேன். சான்றிதழும் வந்துவிட்டது. அதை அம்மாவிடம் காட்டியதில் அன்று இரவு அவர் சாப்பிடவே இல்லை. அப்பா இல்லை, எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் இந்தச் சான்றிதழே போதுமா, இல்லை அம்மாவிடமும் கேட்பார்களா? "தானம் எழுதிக் கொடுத்தவன்னு தெரிஞ்சா டாக்டருங்க உன்னைக் காப்பாத்தவே மாட்டாங்கடா" என்கிறார் அம்மா. அதற்கு என்ன பதில் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டர் மேரி:
தம்பி, நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்சாகப் பல வருடம் வேலை பார்த்தவள். கட்டாயம் கேட்பார்கள். சட்டத்தில் உங்கள் உறுதிமொழிக்கு மதிப்பு இருக்கிறது, ஆனால் குடும்பம் வேண்டாம் என்று சொன்னால் நடைமுறையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். குடும்பத்தின் சம்மதத்தை எழுதி வாங்கும் படிவம் 8-இல் அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மாவின் பயத்தைத் தப்பு சொல்லாதீர்கள், நிறைய பேர் என்னிடம் கேட்டது இதைத்தான். மூளைச்சாவு, அதாவது மூளை இனி திரும்பவே முடியாதபடி செயலிழந்துவிட்டது, என்று அறிவிக்க நான்கு டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும், உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவில் இருப்பவர்கள் அதில் இருக்கக் கூடாது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், காதில் ஐஸ் தண்ணீர் விடுவார்கள், கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றி ஆக்சிஜன் மட்டும் கொடுத்து மூச்சு தானாக வருகிறதா என்று நின்று பார்ப்பார்கள். குறைந்தது 6 மணி நேரம் கழித்து இதே சோதனைகள் முழுக்க மறுபடியும் நடக்கும். தானம் பற்றிய பேச்சே அதற்கு அப்புறம்தான். இதை அம்மாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

சேலம் குமார்:
என் அண்ணன் பைக் விபத்தில் போனபோது அண்ணிதான் கையெழுத்துப் போட்டார். அண்ணன் முன்னமே வீட்டில் பேசி வைத்திருந்தார், அது மட்டும் இல்லையென்றால் அந்த நேரத்தில் எங்களில் யாருக்கும் முடிவெடுக்கத் தெம்பு இருந்திருக்காது. விபத்து என்பதால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் எல்லாம் உண்டு. இருட்டிவிட்டது என்று சொல்லி அந்த ஆஸ்பத்திரியில் மறுநாள் மதியம்தான் உடலைக் கொடுத்தார்கள், ராத்திரி முழுக்க அண்ணி அந்த வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தார், அது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2021 நவம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டு, உறுப்பு தானம் என்றால் சூரியன் மறைந்த பிறகும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று மாற்றிவிட்டது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் யாராவது முடியாது என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

2023 செப்டம்பரில் இருந்து தமிழ்நாட்டில் தானம் கொடுத்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அண்ணனுக்கு அது கிடைக்கவில்லையே என்று அம்மா இப்போதும் சொல்வார்.

டயாலிசிஸ் ராஜி:
நான் கிட்னிக்காகக் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவள். இங்கே யாருக்கு எந்த உறுப்பு என்பதை அரசின் உறுப்பு மாற்று ஆணையம் பட்டியலைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறது, பணம் கொடுத்து முந்த முடியாது. வெளிநாட்டுக்காரருக்கு முறை வருவது இந்திய நோயாளி யாருக்கும் பொருந்தாமல் போனால்தான். உறுப்பை எடுக்கும் செலவும் தானம் கொடுத்த குடும்பத்தின் தலையில் விழாது. தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தென்காசிப் பையன்:
எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் எழுதியதை நேற்று அப்படியே வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார், "எல்லாம் எடுத்த பிறகு பிள்ளை முகத்தைப் பார்க்க விடுவாங்களா?"

சிஸ்டர் மேரி:
விடுவார்கள் தம்பி. மற்ற ஆபரேஷன் போலவே தையல் போட்டு, துடைத்து, துணி சுற்றித்தான் கொடுப்பார்கள். கண் கொடுத்திருந்தாலும் இமை மூடித்தான் இருக்கும், முகம் தூங்குகிற மாதிரிதான் தெரியும்.