சேலத்துக்கு மேலே கேட்ட அந்த 'டம் டம்': விமானப்படைத் தளங்களோடு உங்களுக்கு ஏதாவது அனுபவம் உண்டா?

ஏற்காட்டு மிளகுக்காரன்:

போன மாதம் ஒரு பகல், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒட்டி ஒட்டி இரண்டு இடி. ஏணி ஆடியதா என் கால் ஆடியதா தெரியவில்லை, ஓட்டு மேல் உட்கார்ந்திருந்த குரங்குக் கூட்டம் மட்டும் ஒரே பாய்ச்சலில் காணாமல் போனது. சேலத்துக்காரனுக்கு வெடிச்சத்தம் புதிதா என்ன? வெள்ளைக்கல் சுரங்கத்து வெடியைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அது தரை வழியாக உள்ளங்காலில் தெரியும். இது மேலேயிருந்து வந்தது. அண்ணாந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வாட்சப்பில் அரை மணி நேரத்துக்குள் நிலநடுக்கம், எரிகல், கேஸ் கிடங்கு வெடிப்பு என்று எல்லாம் வந்து கடைசியில் 'ஏர்ஃபோர்ஸ் விமானம்' என்று முடிந்தது. நம் மாவட்டத்தில் விமானப்படைத் தளம் கிடையாது, காமலாபுரத்தில் இருப்பது பயணிகள் விமான நிலையம். தென்மேற்கே கோயம்புத்தூர் பக்கத்துச் சூலூர், தென்கிழக்கே தஞ்சாவூர், வடக்கே பெங்களூர் எலஹங்கா, நடுவில் நாம். இந்தத் தளங்களில் வேலை பார்த்தவர்கள், பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆத்தூர் பென்ஷன்காரர்:

தம்பி, இருபது வருஷம் யூனிஃபார்ம் போட்டவன், அதில் நாலு வருஷம் சூலூர். உள் விஷயம் எதுவும் கேட்காதீர்கள், வெளியில் எல்லாருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். முதலில் அந்தச் சத்தம். 'ஒலித் தடையை உடைத்த நொடியில் வந்த சத்தம்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள், ஏதோ ஒரு முறை உடைத்தால் முடிந்தது என்கிற மாதிரி. அப்படி இல்லை. உங்கள் ஏற்காடு ஏரியில் படகு வேகமாகப் போகும்போது கரையில் நின்று பாருங்கள். படகு தாண்டிய பிறகுதான் அலை வந்து காலில் அடிக்கும், கொஞ்சம் தள்ளி நிற்பவருக்கு அதற்கும் அப்புறம் அடிக்கும். இதுவும் அதேதான். ஒலி மணிக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் போகும், அதை மிஞ்சி விமானம் பறக்கிற வரைக்கும் கீழே இருக்கிற ஊர்களுக்கு வரிசையாக அந்த அடி விழுந்துகொண்டே போகும். மூக்குப் பக்கத்திலிருந்து ஒன்று, வால் பக்கத்திலிருந்து ஒன்று, அதனால்தான் இரண்டு 'டம்'. நீங்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் அது பல கிலோமீட்டர் தாண்டியிருக்கும். எந்தத் தளத்து விமானம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், சத்தத்தில் நம்பர் பிளேட் இருக்காது.

சூலூரைப் பற்றி எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அதை நடத்தியது பிரிட்டிஷ் கடற்படை. கடலே இல்லாத கொங்கு நாட்டில் கடற்படைக்கு என்ன வேலை என்றால், ஜப்பானோடு சண்டை நடந்த நேரம், விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்களை வைத்துப் பராமரிக்கக் கரையில் இடம் வேண்டும். தரையில் இருக்கிற தளத்துக்கும் கப்பலுக்கு வைப்பது போலவே பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். ரிப்பேர் பட்டறை இருந்த கோயம்புத்தூர் 'கருடா', தாம்பரம் 'வல்லூறு', கொச்சி 'கழுகு', சூலூர் 'வைரி'. வெள்ளைக்காரன் எவனோ தமிழ் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான் என்று நினைக்கிறேன். ஒரு சீனியர் இதைச் சொன்னபோது வைரி என்றால் எதிரி என்றே எடுத்துக்கொண்டு, சொந்தத் தளத்துக்கு எவனாவது எதிரி என்று பெயர் வைப்பானா என்று சிரித்துவிட்டேன். கோழிக்குஞ்சைத் தூக்கிப் போகிற பறவை என்று அவர் சொல்லித்தான் புரிந்தது.

அப்புறம் நம் விமானப்படை வந்தது. எங்களைப் போன்ற டெக்னிக்கல் ஆட்களுக்குச் சூலூர் என்றால் அங்கே இருக்கிற ஐந்தாம் எண் பேஸ் ரிப்பேர் டிப்போதான். அன்றைக்கும் பக்கத்தில் ரிப்பேர், இன்றைக்கும் ரிப்பேர். இப்போது சூலூர் என்றதும் எல்லாரும் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானம் என்கிறார்கள். 45வது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, 2016 ஜூலை 1 அன்று பெங்களூரில் இரண்டே விமானங்களோடு தேஜஸில் தொடங்கி 2018ல் சூலூருக்கு வந்தது, 2020 மே மாதம் 18வது ஸ்குவாட்ரனும் சேர்ந்தது. 1971 போரில் ஸ்ரீநகரில் தனியாக எதிர்த்துப் பறந்து பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோன் இருந்த அதே 18தான். விமானப்படையில் அந்த விருது இதுவரை அவர் ஒருவருக்குத்தான்.

சங்ககிரி லாரி:

அய்யா சொன்ன சூலூரில் எனக்கு ஒரு கதை உண்டுங்க. ஸ்டீல் சுருள் லோடு இறக்கிவிட்டுத் திருச்சி ரோட்டில் திரும்பும்போது காங்கேயம்பாளையத்துக்கிட்டே டயர் போய்விட்டது. மாற்றிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் சக்கரத்தை விரித்துக்கொண்டு ஒன்று இறங்கியது, காது அடைத்துவிட்டது. கிளீனர் பையன் போனைத் தூக்கிவிட்டான். அவ்வளவுதான், எங்கிருந்து வந்தாரோ, துப்பாக்கியோடு ஒருவர் இந்தியில் பிடி பிடி என்று பிடித்துவிட்டார், எங்களுக்குப் புரிந்தது 'மொபைல்' ஒன்றுதான். டீக்கடை ஆயா வந்து, "சின்னப் பையன் சாமி, உட்டுரு"ன்னு தமிழிலேயே சொல்லி, அவரும் அழித்துவிட்டோமா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆயா எங்களுக்கு விட்டது தனி டோஸ், போர்டு அவ்வளவு பெரிசா வெச்சிருக்கானே, கண்ணு தெரியலையா என்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டீ ஆற்றிக்கொண்டே அந்த ஆயா, வானத்தைப் பார்க்காமலேயே, இது புதுசு, இது ரெட்டை விசிறிக்காரன், இது மயிலு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. மயில் என்றால் விமானப்படைச் சாகசக் குழுவின் சாரங் ஹெலிகாப்டராம், பக்கவாட்டில் மயில் வரைந்திருக்குமாம். நான்கூட இன்ஜின் சத்தத்தை வைத்து லாரி எந்தக் கம்பெனி என்று சொல்லுவேன், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

அம்மாபேட்டை:

அந்த ரெட்டை விசிறி ஏஎன்-32 அண்ணா, ஆளும் சரக்கும் ஏற்றிப் போகிற விமானம். 2016ல் என் வீட்டுக்காரர் சூலூரில் இருந்தார், நாங்கள் குவார்ட்டர்ஸில். ஜூலை 22, வெள்ளிக்கிழமை. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானம் காணோம் என்று டிவியில் ஓடியது, 29 பேர். சூலூர் 33வது ஸ்குவாட்ரன் விமானம் அது. இவர் தரையில் வேலை பார்ப்பவர், இவர் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் போன் வருகிற வரை கை நடுங்கியது. அன்று சாயங்காலம் எந்த வீட்டிலும் குக்கர் விசில்கூட கேட்கவில்லை. தெருவில் ஜீப் திரும்பினால் எல்லாரும் ஜன்னலுக்கு வருவோம், எந்த வாசலில் நிற்கப் போகிறது என்று. விழுந்துவிட்டது என்று சொன்னாலாவது அழுது தீர்க்கலாம், 'தேடுகிறார்கள்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இவர் பென்ஷன் வாங்கி நாங்கள் ஊருக்கே வந்துவிட்டோம். 2024 ஜனவரியில், சென்னையிலிருந்து 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்கள் தெரிகின்றன என்று செய்தி வந்தது. ஏழரை வருஷம் கழித்து. தறியை நிறுத்திவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, போய் மாடியில் உட்கார்ந்துகொண்டார். சூலூரில் என்ஜின் சத்தத்தில் தூங்கிப் பழகியவர், இப்போது எங்கள் தெருவில் தறி ஓடினால்தான் தூக்கம் வருகிறது அவருக்கு.

தஞ்சாவூர் மாப்பிள்ளை (ஊர் சேலம்தான்):

தஞ்சாவூரையும் சொல்லிவிடுகிறேன். அங்கும் போர்க்காலத்து ஓடுதளம்தான், விமானப்படைத் தளமாக முறைப்படி திறந்தது 2013 மே மாதம், ஏ.கே. அந்தோணி பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது. 2020 ஜனவரி 20ல் சுகோய்-30 போர் விமானங்களோடு 222வது ஸ்குவாட்ரன் வந்தது. சுமார் இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையைத் தூக்கக்கூடிய விமானங்கள், அதனால் கடல் பக்கக் காவல் என்கிறார்கள். மாமனார் வீட்டு மொட்டைமாடியில் வடகம் காயவைக்க முடியவில்லை என்று மாமியார் புகார், சத்தத்தில் காக்காய் எல்லாம் கலைந்து வந்து இவர் தட்டில் இறங்குகிறதாம். நம்பலாமா தெரியவில்லை.

ஓமலூர் பையன்:

அய்யா, 2024 ஆகஸ்டில் சூலூரில் தரங் சக்தி பயிற்சி நடந்தபோது நண்பன் பைக்கில் போய் வேலிக்கு வெளியே தூரமாக நின்று பார்த்தேன், ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் எல்லாம் வந்திருந்தன. அன்றிலிருந்து விமானப்படையில் நாலு வருஷ வேலைக்கு ஆள் எடுக்கிற அக்னிவீர் வாயு தேர்வை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓடிவிடுகிறேன், இங்கிலீஷ்தான் காலை வாருகிறது. வீட்டில் நாலு வருஷத்துக்காக எதற்கு என்கிறார்கள். போகலாமா?

ஆத்தூர் பென்ஷன்காரர்:

நாலு வருஷம் கழித்து அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், அதை வீட்டில் மறைக்காதே. எங்களுக்குக் கிடைத்த பென்ஷன் கணக்கை உனக்குப் போட்டுப் பார்க்காதே. எல்லாம் தெரிந்தும் போக ஆசை இருந்தால் போ. இங்கிலீஷுக்குத் தினம் ஒரு பக்கம் சத்தமாகப் படி. ஆத்தூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா.

அம்மாபேட்டை தங்கச்சி, உன் வீட்டுக்காரரிடம் என் நம்பரைக் கொடு. அந்தச் சமயத்தில் நானும் அங்கேதான் இருந்தேன்.

ஏற்காட்டு மிளகுக்காரன்:

இன்று காலை மறுபடியும் ஒன்று. இந்த முறை அண்ணாந்து பார்க்கவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டேன். குரங்குகள்தான் இன்னும் பழகவில்லை.