சினைக்குதிரைக்கு ராக்காவல் இருந்தவர்கள் சொல்லுங்கள்

கட்டுத்தரைக்காரன், காங்கேயம் பக்கம்

எங்கள் மார்வாரி இனப் பெட்டைக்குதிரை சினையாகி நேற்றோடு 329 நாள். இது இரண்டாம் ஈத்து. மடி திரள ஆரம்பித்துவிட்டது, காம்பு மட்டும் இன்னும் சுருங்கித்தான் கிடக்கிறது. என் கயிற்றுக் கட்டில் மறுபடி லாயத்து வாசலுக்கு வந்தாயிற்று. தூக்கம் வராத நேரத்தில் போன ஈத்தில் பட்டதை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

வீட்டில் மாடு இல்லாத நாளே கிடையாது. பன்னிரண்டு வயதிலேயே கன்றுக்குக் கால் பிடித்து இழுத்தவன் நான். அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் இவளை வாங்கி வந்தபோது, மாட்டைப் பார்த்தவனுக்குக் குதிரை என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். மாட்டுக் கணக்கு குதிரைக்குச் செல்லாது என்று புரிய ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

மாடு 280 நாளில் ஈனும், பத்து நாள் முன்னே பின்னே. குதிரைக்கு 340 என்பார்கள், ஆனால் 365ஐத் தாண்டி நிதானமாகப் போடுகிறவளும் இருக்கிறாள். அதனால் காலண்டரை விட மடியைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். வால் முட்டுக்கு இரண்டு பக்கமும் சதை தளர்ந்து குழி விழும், அறை (குட்டி வெளியே வரும் வாய்) நீண்டு தொங்கும், கடைசியில் காம்பு நுனியில் தேன்மெழுகு மாதிரி மஞ்சளாக ஒரு சொட்டு உறைந்து நிற்கும். மெழுகு கட்டினால் பெரும்பாலும் ஓரிரு நாள்தான். இவளுக்கு 338ஆம் நாள் மெழுகு கட்டியது. அன்றே மச்சானை வரவழைத்து ஆளுக்குப் பாதி ராத்திரி என்று பிரித்துக்கொண்டோம். 339, 340, 341... ஒன்றும் இல்லை. மெழுகு உதிர்ந்துபோய் மறுபடி கட்டியது. மச்சான் லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டான்.

டாக்டர் கொஞ்சம் பி.எச். தாள் (புளிப்பு எவ்வளவு என்று எண்ணில் காட்டும் தாள்) கொடுத்திருந்தார். காம்பில் ஒரு துளி பீய்ச்சித் தாளில் வைத்தால் நிறம் மாறும். ஏழுக்கு மேலே நிற்கிற வரை நீங்கள் தூங்கலாம், 6.4க்கு இறங்கினால் தூங்கக் கூடாது என்றார். 344ஆம் நாள் சாயங்காலம் இறங்கிவிட்டது.

அன்றைக்குத்தானா த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கு வர வேண்டும்! தென்னைக்குத் தண்ணீர் விட்டு நான்கு நாளாகியிருந்தது. அவள் அமைதியாகச் சோளத்தட்டு கடித்துக்கொண்டிருந்தாள். மோட்டாரைப் போட்டு வாய்க்காலைத் திருப்பிவிட்டு வர இருபது நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் வைக்கோல் சொதசொதவென்று நனைந்திருக்கிறது, அவள் கழுத்தெல்லாம் வேர்வையோடு படுத்திருக்கிறாள், வெள்ளைப் பைக்குள் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிகின்றன. ஆள் நகர்கிற வரை அடக்கிவைத்திருப்பாள் என்று சொன்னபோது சிரித்தவன் நான்.

மாடு பனிக்குடம் உடைந்தபின் ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட முக்கும். குதிரைக்கு இருபது, முப்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். முடியாவிட்டால் குட்டி கையில் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு இழுக்கப் போனேன். அம்மா டார்ச்சோடு வந்து நின்று, "கைய எடுடா, அவளே போடுவா" என்றார். போனில் டாக்டரும் அதையேதான் சொன்னார்: ஒரு கால் கொஞ்சம் முன்னே, இன்னொரு கால் பின்னே, குளம்பின் அடி தரையைப் பார்த்து, முட்டிமேல் மூக்கு. இப்படி இருந்தால் தொடாதீங்க.

டார்ச் வெளிச்சத்தில் அந்தக் குளம்பைப் பார்த்தேன். குளம்பு மாதிரியே இல்லை. மஞ்சளாக, நுங்குச் சதை போல வழவழவென்று, விரல் விரலாகத் தொங்கியது. ஊனமோ என்று வயிறு கலங்கிவிட்டது. உள்ளே உதைக்கும்போது தாயைக் கிழிக்காமல் இருக்கத்தான் அந்த மெத்தை, எழுந்து நடந்ததும் தானே உதிர்ந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

குட்டி வந்துவிட்டது, பின்னங்கால் மட்டும் இன்னும் தாய்க்குள். தொப்புள்கொடியை அறுக்க பிளேடு எடுத்தேன், டாக்டர் போனிலேயே சத்தம் போட்டார். தாய் எழும்போது அதுவாக அறுந்துகொள்ளும். அறுந்ததும் தொப்புளில் மருந்து வைத்தோம், அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி விழ வேண்டும். மாட்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூடப் பார்க்கலாம். குதிரைக்கு மூன்று மணி நேரம்தான், தாண்டினால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, விஷம் குளம்பு வரை இறங்கிவிடும். இரண்டரை மணி ஆகியும் தொங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமா பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். வேண்டாம் மாமா என்று சொல்லி, அவள் மிதிக்காதபடி நஞ்சையே சுருட்டி முடிச்சுப் போட்டுவைத்தேன். கொஞ்ச நேரத்தில் விழுந்தது. சாக்கில் விரித்துப் பார்த்தோம். கால்சட்டை மாதிரி இரண்டு கொம்பும் நுனி வரை முழுசாக இருந்தது. ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ஆபத்துதான்.

விடிந்ததும் மாமாவின் அம்மா சொம்போடு சீம்பாலுக்கு வந்துவிட்டார்! குதிரைச் சீம்பாலை யார் காய்ச்சிச் சாப்பிடுவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை, பழக்கதோஷம். குட்டிக்கு நோய் எதிர்ப்பு அந்தப் பாலில் மட்டும்தான் வரும், அதுவும் முதல் ஒரு நாளுக்குள் குடித்தால்தான் உடம்பில் ஏறும். பாட்டியை வெறும் சொம்போடு அனுப்பிவைத்தேன். இரண்டு மாதம் பேசவில்லை.

பழைய லாயக்காரன்

தம்பி, உங்களுக்கு வெள்ளைப் பை வந்தது. நான் பந்தயக் குதிரைப் பண்ணையில் ஒன்பது வருஷம் ராக்காவல் பார்த்தவன். மூன்று முறை சிவப்புப் பை பார்த்திருக்கிறேன். தண்ணீர் உடையாது. பெட்டை முக்கும்போது சிவப்பு வெல்வெட் துணி போலப் பிதுங்கி வரும். நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்று அர்த்தம், குட்டிக்கு உள்ளே மூச்சு நின்றுகொண்டிருக்கிறது. டாக்டருக்குப் போன் போட நேரமில்லை, அந்த நிமிஷமே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும்.

இரண்டாவது முறை கத்தரிக்கோல் ஆணியில் இல்லை. பகலில் யாரோ தவிட்டு மூட்டை பிரிக்க எடுத்துப் போய்விட்டார்கள். அந்தத் தோல் கையால் கிழிகிற தோல் இல்லை. தேடி எடுத்து வந்து வெட்டிக் குட்டியை எடுத்தோம், சூடாகத்தான் இருந்தது. மேலே எழுத வரவில்லை. மூன்றாவது பிழைத்தது, ஏனென்றால் அதற்குப் பிறகு கத்தரிக்கோலைச் சணலில் கோத்து ஆணியோடு கட்டிவிட்டேன்.

இப்போது படுத்தால் அடிக்கிற அலாரமெல்லாம் வந்துவிட்டது. எங்கள் பண்ணையிலும் வாங்கினார்கள். பெட்டை தூங்கப் படுத்தாலும் அடிக்கும். நான்காம் நாள் எல்லோரும் அதை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள்.

ஏரிக்கரை, கொடைக்கானல்

எனக்கு மெழுகும் கிடையாது, மடியும் கிடையாது. சவாரி மட்டக்குதிரை, புல்லில் வயிறு போட்டிருக்கிறது என்றே நினைத்திருந்தோம். வாங்கும்போது சினை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு காலை கொட்டகையில் எட்டுக் கால் நின்றது. முந்தின நாள்வரை சவாரி விட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அப்போதிலிருந்து எந்தப் பெட்டை வாங்கினாலும் முதலில் டாக்டர் கை, அப்புறம்தான் சேணம்.

தீவான், நெடுந்தீவு, இலங்கை

அண்ணை, எங்கட ஊரில் கட்டாக்காலியாக, ஆளில்லாமல் திரிகிற குதிரைகளுக்கு காவலும் இல்லை, தாளும் இல்லை. விடிய வெளியில் போனால் நேற்றில்லாத குட்டியொன்று தாய்க்குப் பின்னால் நிற்கும். கிட்டப் போனால் தாய் குட்டியை மறைத்துக்கொண்டு நகரும். ஈனுவதில் அதுகளுக்குப் பெரிய பிரச்சினை கண்டதில்லை. தண்ணீர் வற்றுகிற மாதங்கள்தான் பிரச்சினை. அப்போது பால் கொடுக்கிற தாய்தான் முதலில் மெலிந்து விழும். போன கோடையில் நாங்கள் நான்கு பேர் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தோம். அதையும் காவல் கணக்கில் சேர்ப்பீர்களோ தெரியாது.

கட்டுத்தரைக்காரன், காங்கேயம் பக்கம்

தீவான், தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

லாயக்காரண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே புதுக் கத்தரிக்கோல் வாங்கி ஆணியில் சணல் போட்டுக் கட்டிவிட்டேன். சணல் லாயத்து நடு வரை எட்டுகிறதா என்று இழுத்தும் பார்த்தாயிற்று. இன்றைக்கு 336. தாள் இன்னும் ஏழுக்கு மேலேதான். ராத்திரித் தண்ணீரை மாமாவே திருப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பாட்டியும் இப்போது பேசுகிறார். அவள் சணலை மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டைக் கடிக்கப் போய்விட்டாள்.