லேப்டாப்புல சரியா ஓடுற ஸ்டாக் மொழி, ஆர்டுயினோ ஊனோ போர்டுல வால்வை 20 செகண்டுல மூடிடுது, ஏன்?

பாலக்கோடு_தக்காளி:
வணக்கம் எல்லாருக்கும். பாலக்கோடு பக்கம் எங்க கொல்லையில தக்காளிக்கு சொட்டுநீர் போட்டிருக்கோம், நாலு பாத்தி, நாலு சொலினாய்டு வால்வு, ஒரு போர் மோட்டார். த்ரீ பேஸ் கரண்ட் வந்தா மோட்டார் ஓடி பாத்தி பாத்தியா தண்ணி மாறணும். சி-ல நேரா எழுதிட்டா வேலை முடிஞ்சிடும்தான், ஆனா அப்பா இன்னிக்கு மூணாம் பாத்திக்கு 10 நிமிஷம் போதும்னு சொன்னா லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் திரும்ப கம்பைல் பண்ணி ஏத்தணும். அதனால போர்த் (நம்பரை ஸ்டாக்னு ஒரு அடுக்குல வெச்சு எடுத்து வேலை செய்யற பழைய மொழி) மாதிரி ஒரு குட்டி மொழியை நானே சி-ல எழுதுறேன், வேர்டெல்லாம், அதாவது கட்டளைப் பேரெல்லாம், தமிழ்ல, அப்பாவே போன்ல டைப் பண்ணி ப்ளூடூத்ல அனுப்பிடலாம். இப்படித்தான் இருக்கும்:

: நிமிஷம் 60000 * ;
: பாத்தி டூப் திற 20 நிமிஷம் பொறு மூடு ;
3 பாத்தி

(: புது வேர்டை ஆரம்பிக்கும், ; முடிக்கும், டூப் ஸ்டாக்குல மேல இருக்கற நம்பரை இன்னொரு தடவை வைக்கும்.) லேப்டாப்புல சரியா 20 நிமிஷம் நிக்குது. அதே சோர்ஸை ஊனோவுல போட்டா 20 செகண்டுல வால்வு மூடிடுது. ஸ்டாக் செல் (ஒரு நம்பர் உக்கார்ற இடம்) எல்லாம் சி-யோட சாதா இன்ட். வயரிங், ரிலே எல்லாம் பாத்தாச்சு. அப்புறம் இன்னொரு கேள்வி, நாளைக்கு ராஸ்பெர்ரி பை பைக்கோ போர்டு வாங்குனாலும் இதே மொழி ஓடணும், அதுக்கு இப்பவே எதெல்லாம் முடிவு பண்ணி வெச்சுக்கணும்?

ஓசூர்_டெஸ்ட்பெஞ்ச்:
தம்பி வயரிங்கை விடு, கணக்கைப் பாரு. ஊனோவுல இருக்கறது ஏடிமெகா328பி, அதுல இன்ட்னா 16 பிட். லேப்டாப்புல 32 பிட். 20 நிமிஷம்னா 12,00,000 மில்லிசெகண்ட், அது 16 பிட்ல அடங்காது, 65,536-ஐ கழிச்சுக்கிட்டே போனா கடைசில மிஞ்சறது 20,352. அதாவது 20 செகண்டும் கொஞ்சமும். உன் வால்வு கணக்குப்படி கரெக்டாத்தான் மூடுது. உன் 60000 இருக்கே, அதுவே சைன்டு 16 பிட்ல -5536 ஆயிடும், ஆனா பெருக்கினா வர்ற கடைசி 16 பிட் அதேதான்.

உன் ரெண்டாவது கேள்விக்கு பதிலும் இதுலயே இருக்கு. சின்ன மொழியை எல்லா போர்டுலயும் ஓட்டணும்னா ஓப்கோட் (மெஷினோட அடிப்படைக் கட்டளை) எத்தனைன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி ஒரு நம்பர்னா என்னன்னு நீ முடிவு பண்ணி எழுதி வெச்சிடணும், சி கம்பைலர் கையில விடக்கூடாது. யுஎக்ஸ்என்-னு சாஃப்ட்வேர்லயே ஓடற ஒரு குட்டி ஸ்டாக் மெஷின் இருக்கு, அதைப் பாரு, 64 கேபி மெமரி, தலா 256 பைட்ல ரெண்டு ஸ்டாக், 32 அடிப்படை ஓப்கோட், 16 பிட் நம்பர்னா பெரிய பைட் முதல்லன்னு எல்லாத்தையும் முதல்லயே கட்டிப் போட்டுட்டாங்க. அதனாலதான் அதை யார் வேணா எந்த மெஷினுக்கும் எழுதிக்கறாங்க.

உனக்கு நான் சொல்றது 32 பிட் செல். எல்லா போர்டுலயும் 32-தான், ஊனோவுலயும். ரேம் 2 கேபிதான்னு பயப்படாத, 32 செல் ஸ்டாக்குக்கு 128 பைட்தான் ஆகும். 8 பிட் சிப்ல 32 பிட் கூட்டல் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், வால்வு திறக்கறதுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. 16 பிட்லயே இருக்கணும்னா நேரத்தை செகண்ட்ல வெச்சுக்கோ, 32,767 செகண்ட்னா 9 மணி நேரத்துக்கு மேல வருது.

வகுத்தலும் பாத்துக்கோ. -7-ஐ 2-ஆல வகுத்தா சி-ல -3, போர்த்-83 ஸ்டாண்டர்டுப்படி -4. 1994 ஆன்சி போர்த் ஸ்டாண்டர்டு ரெண்டையும் அனுமதிக்குது. எதுவா இருந்தாலும் ஒண்ணைப் பிடிச்சுக்கோ, டெஸ்ட் எழுது.

பைக்கோல இன்னொரு இடத்துல மாட்டுவ. பைட்கோடு (உன் மொழி கம்பைல் ஆகி வர்ற பைட் வரிசை) நடுவுல 4 பைட் நம்பரை வெச்சுட்டு பாயின்டரை காஸ்ட் பண்ணி ஒரேயடியா படிச்சா லேப்டாப் ஒண்ணும் சொல்லாது, பைக்கோல இருக்கற கார்டெக்ஸ் எம்0+ ப்ராசசர் 4-ஆல வகுபடாத அட்ரஸ்ல அப்படிப் படிச்சா ஹார்ட் ஃபால்ட் ஆகி நின்னுடும். ஒவ்வொரு பைட்டா எடுத்து ஷிஃப்ட் பண்ணி சேர்த்துக்கோ.

அரூர்_கணினி_டீச்சர்:
தம்பி, நீங்களே எழுதறது நல்லதுதான், ஆனா ரெடிமேட் போர்த்தாவே ஏவிஆர்க்கு (ஊனோவுல இருக்கற சிப் குடும்பம்) ஃப்ளாஷ்போர்த் இருக்கு, பைக்கோவுக்கு மெக்ரிஸ்ப் இருக்கு, அதையும் ஒரு தடவை பாத்துடுங்க. போர்த்தை உருவாக்கின சார்லஸ் மூர் 1970 வாக்கில அமெரிக்காவுல இருக்கற கிட் பீக் டெலஸ்கோப்பை ஓட்டறதுக்கு அதைப் பயன்படுத்தினதும் கிட்டத்தட்ட உங்க தேவைக்காகத்தான், மெஷின் முன்னாடி உக்காந்து டைப் பண்ணா அப்பவே நடக்கணும். 1990-ல வந்த ஈபோர்த்ங்கற குட்டி போர்த் ஒரு 30 சொச்சம் ப்ரிமிடிவ் வேர்டை (சிப்போட சொந்த கோடுல எழுதற அடிப்படை வேர்டை) வெச்சு மீதியெல்லாத்தையும் அதுமேலயே கட்டிடுது, புது சிப்புக்கு மாத்தணும்னா அந்த 30-ஐ மட்டும் எழுதினா போதும். அந்தப் பட்டியலை ஒரு தடவை வாசிச்சாலே உங்களுக்கு எது வேணும் எது வேண்டாம்னு தெரிஞ்சிடும்.

தமிழ் வேர்டு பத்தி யாரும் சொல்லலை, அதனால சொல்றேன், இதுலதான் நீங்க சுத்தி சுத்தி வரப் போறீங்க. போர்த்ல இடைவெளி வரைக்கும் ஒரு வேர்டுங்கறதால தமிழ் எழுத்து தானா உள்ள வந்துடும், பார்சர்ல ஒண்ணும் மாத்த வேண்டாம். ஆனா யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ் குறியீடும் 3 பைட். "மோட்டார்"னு எழுதினா 8 குறியீடு, 24 பைட். பழைய ஃபிக்-போர்த் மாதிரி பேரோட நீளத்தை 5 பிட்ல வெச்சிருந்தீங்கன்னா 31 பைட்தான், அதாவது 10 குறியீடு, கொஞ்சம் நீளமா பேர் வெச்சா கடைசி எழுத்து பாதியில வெட்டுப்படும்.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. "மோ"வுல இருக்கற ஓகாரத்தை சில கீபோர்டு ஒரே குறியீடா அனுப்பும், சிலது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியா அனுப்பும். ஸ்க்ரீன்ல ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான், பைட்டை ஒப்பிட்டா வேற வேற. நீங்க லேப்டாப்புல டிஃபைன் பண்ண வேர்டை அப்பா போன்ல அடிச்சா "தெரியாத வேர்டு"னு வரும், அவருக்கு எங்க தப்புன்னு கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒ, ஓ, ஔ மூணு குறிக்கும்தான் இந்த சிக்கல். உள்ள வர்ற இடத்துலயே ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கிடுங்க, ஒரு 10 வரி சி கோடு, டிக்ஷனரியில தேடறதுக்கு முன்னாடி ஓடிடணும்.

பாலக்கோடு_தக்காளி:
அண்ணா, 32 பிட்டுக்கு மாத்திட்டேன், 20 நிமிஷம் சரியா நிக்குது, ரொம்ப நன்றி. டீச்சர், அந்த ஓகாரம் விஷயம் என் போன்ல அடிச்சுப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே தனித்தனியா வருது. இப்ப "பொறு" பத்திதான் யோசனை. அது ஓடும்போது மொத்த மெஷினும் அங்கயே நிக்குது, நடுவுல அப்பா "நிறுத்து"ன்னு அனுப்பினாலும் 20 நிமிஷம் கழிச்சுதான் படிக்கும். தண்ணி வரலன்னா மோட்டாரை அணைக்கற சென்சாரும் வைக்கணும்.

ஓசூர்_டெஸ்ட்பெஞ்ச்:
இன்ஸ்ட்ரக்ஷன் பாயின்டர் (அடுத்து எதை ஓட்டணும்ங்கற இடம்), ரெண்டு ஸ்டாக் (நம்பருக்கு ஒண்ணு, திரும்பிப் போற இடத்துக்கு ஒண்ணு), எப்ப எழுந்திருக்கணும்ங்கற நேரம், இந்த நாலையும் ஒரு ஸ்ட்ரக்ட்ல போடு. குளோபலா எதையும் வைக்காத. "பொறு" வந்தா டிலே கூப்பிடாம எழுந்திருக்கற நேரத்தை மட்டும் குறிச்சுட்டு வெளிய வந்துடணும். மெயின் லூப் ஒவ்வொரு ஸ்ட்ரக்டையும் பாத்து நேரம் வந்ததை மட்டும் கொஞ்ச ஸ்டெப் ஓட்டும். பைட்கோடு எல்லாருக்கும் பொது, ஸ்டாக் மட்டும் தனி, அதனால ஒரு டாஸ்க்குக்கு 16 செல்லா குறைச்சுக்கோ. வால்வுக்கு ஒண்ணு, சென்சாருக்கு ஒண்ணு, ப்ளூடூத்ல வர்றதைப் படிக்க ஒண்ணு, 2 கேபில தாராளமா அடங்கும். போர்த்ல இது ஆதிகாலத்துப் பழக்கம், அடுத்த டாஸ்க்குக்கு வழி விட பாஸ் (PAUSE)-னு ஒரு வேர்டே இருக்கு.

நேரத்தை ஒப்பிடும்போது "இப்போ பெருசா"ன்னு கேக்காத, இப்போ கழித்தல் எழுந்திருக்கற நேரம்னு அன்சைன்டுல கழிச்சு, விடையை சைன்டா எடுத்து சுழிக்குக் கீழ இல்லையான்னு பாரு. மில்லிஸ் (ஆன் ஆனதுல இருந்து ஓடற மில்லிசெகண்ட் கணக்கு) 49 நாள் சொச்சத்துல சுழிக்குத் திரும்பிடும், கழிச்சுப் பாத்தா அது பாதிக்காது. ஸ்க்ரிப்டை ஈஈப்ராம்ல வை, 1 கேபி இருக்கு, கரண்ட் போய் வந்தாலும் இருக்கும்.

அரூர்_கணினி_டீச்சர்:
ஸ்டாக் காலியா இருக்கும்போது எடுத்தா என்ன ஆகும்னு ஒரு வார்த்தை. சிலர் இன்டெக்ஸை மாஸ்க் பண்ணி சுத்தி வர விட்டுடுவாங்க, மெமரி கெடாது, வேகமும் குறையாது. மோட்டார் இருக்கற இடத்துல அது வேண்டாம், ஏதோ ஒரு குப்பை நம்பர் வால்வு நம்பரா போய் நிக்கும். ஒவ்வொரு தடவையும் செக் பண்ணுங்க, தப்புன்னா நேரா பாதுகாப்பு வழிக்குப் போகணும், அதை டிக்ஷனரியில வேர்டா வைக்காம சி-லயே எழுதுங்க, ஏன்னா அந்த நேரத்துல ஸ்டாக்கை நம்ப முடியாது. அதுல முதல்ல மோட்டாரை நிறுத்துங்க, அப்புறம்தான் வால்வு. எல்லா வால்வும் மூடிக்கிட்டு மோட்டார் ஓடினா பைப் ஜாயின்ட் பிச்சுக்கும்.

உங்க "பாத்தி" வேர்டுலயும் இதே பிரச்சனை இருக்கு, மூடிட்டுதான் அடுத்தது திறக்குது. அடுத்த பாத்தியைத் திறந்து ரெண்டு செகண்ட் விட்டு பழையதை மூடற மாதிரி மாத்திடுங்க. கடைசி பாத்திக்கு மட்டும் மோட்டாரை அணைச்சுட்டு மூடணும்.