முளைத்த கடலையில் இருந்த எண்ணெய் எங்கே போனது? செக்குக்காரன் கேட்கிறேன்

செக்கடியான், பேரையூர்ப் பக்கம்

மரச்செக்கு வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் மாடு சுற்றியது, இப்போது மோட்டார் சுற்றுகிறது. உலக்கை மட்டும் அதே வாகை மரம். இங்கே உயிரியல் படித்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

இந்த முறை கடலை பிடுங்கும் நேரத்தில் நான்கு நாள் விடாத மழை. கொத்து ரக நிலக்கடலை ஆயிற்றே, காட்டிலேயே முளைத்துவிட்டது. எங்கள் ஊர் மாமா ஒருவர் அதையே காயவைத்து உடைத்து 15 கிலோ பருப்பு கொண்டுவந்தார். வழக்கமாக 15 கிலோவுக்கு ஆறு கிலோவுக்குக் குறையாமல் எண்ணெய் காணும். அன்று ஐந்தைத் தொடவில்லை. பிண்ணாக்கைப் பிழிந்து பார்த்தேன், உதிர்ந்ததே தவிர எண்ணெய் கசியவில்லை. வாயில் போட்டால் லேசாக இனிக்கிறது. என் மாடு அதைத் தொட்டியோடு நக்கியது.

மாமா இப்போது டீக்கடையில் உட்கார்ந்து, செக்குக்காரன் கைவைத்துவிட்டான் என்று பேசுகிறார். மூன்று தலைமுறையாக இந்தச் சொல்லை நாங்கள் வாங்கியதில்லை. எண்ணெய் எங்கே போனது என்று அவருக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

கூடவே சொந்தக் கதை ஒன்று. ஐந்து மாதத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 290 என்றார்கள். எண்ணெய் ஆட்டுகிறவன் அன்றே எண்ணெயை விட்டேன். தோசை இல்லை, வடை இல்லை, இட்லியும் சோறும்தான். போன வாரம் பார்த்தால் 318. கடலையில் எண்ணெய் மாயமாகிறது, என் ரத்தத்தில் தானாக ஊறுகிறது. இதில் ஏதாவது நியாயம் உண்டா?

இயற்கைவாசி

எண்ணெய், கொழுப்பு எல்லாமே விஷம்தான் அண்ணா. ஐந்து மாதம் போதாது. ஒரு சொட்டுக்கூட இல்லாமல் ஒரு வருடம் இருந்து பாருங்கள், உடம்பு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும்.

நாகமலையார் (ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்)

செக்கடியான் தம்பி, மாமாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: எண்ணெயைத் திருடியது கடலைதான்.

நல்ல நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய். தாய்ச்செடி அதை நமக்காகச் சேர்க்கவில்லை, குஞ்சுச் செடிக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் எண்ணெயில் 9. சின்ன மூட்டையில் பெரிய சாப்பாட்டைக் கட்ட வேண்டுமென்றால் எண்ணெயாகக் கட்டுவதுதான் புத்தி.

ஆனால் எண்ணெய் எண்ணெயாகவே வேருக்குப் போக முடியாது, தண்ணீரில் கரையாதே. ஆகவே ஈரம் பட்டதும் பருப்பு அதைச் சர்க்கரையாக மாற்றுகிறது. முதலில் லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் பிரிக்கிறது. முளைத்த கடலை எண்ணெய் சீக்கிரம் காறுவதற்கு இந்தப் பிரிந்துகிடக்கும் அமிலமும் ஒரு காரணம். பிறகு அந்த நீண்ட அமிலச் சங்கிலியை விதை இரண்டிரண்டு கார்பனாகத் தறிக்கிறது. கரும்பைக் கணுக்கணுவாக நறுக்குவது போல என்று வகுப்பில் சொல்வேன்.

இனிதான் விசேஷம். இந்த இரண்டு கார்பன் துண்டு நம் உடம்பில் கிரெப்ஸ் சுழற்சிக்குள் (செல் சத்தை எரித்து ஆற்றல் எடுக்கும் வழி) போனால், ஒரு சுற்றில் இரண்டு கார்பன் கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறிவிடும். வரவுக்குச் செலவு சரி, சர்க்கரை செய்ய மிச்சம் இல்லை. விதையோ கார்பன் கழன்றுபோகும் அந்த இரண்டு படிகளையும் தாண்டிக் குறுக்குவழியில் போகிறது. கிளையாக்சிலேட் சுழற்சி என்று பெயர். ஹான்ஸ் கோர்ன்பெர்க்கும் கிரெப்ஸும் 1957இல் இதை விளக்கினார்கள். விதையில் அது நடக்கும் தனி அறையை 1967இல் பிரைடன்பாக், பீவர்ஸ் இருவரும் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து தெரியுமா? நம் வரப்போரத்து ஆமணக்குக் கொட்டையிலிருந்து!

அந்தக் குறுக்குவழிக்கு வேண்டிய இரண்டு நொதிகள் (ஐசோசிட்ரேட் லையேஸ், மாலேட் சிந்தேஸ்) நம்மிடம் இல்லை. விதைக்கு எண்ணெயிலிருந்து சர்க்கரைக்கும் வழி உண்டு, சர்க்கரையிலிருந்து எண்ணெய்க்கும் வழி உண்டு. நமக்கு இரண்டாவது மட்டும்தான். ஒருவழிப் பாதையில் வண்டி எடுத்த மாதிரி, போனால் திரும்ப முடியாது.

உங்கள் 318க்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. சோற்றுச் சர்க்கரையைக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேர்க்கும், ஆனால் அந்தக் குதிர் சுமார் 100 கிராமில் நிறைந்துவிடும். மிஞ்சுவதில் ஒரு பங்கைக் கல்லீரலே கொழுப்பாக ஆட்டி, புரதம் போர்த்தி ரத்தத்தில் அனுப்புகிறது. சாப்பாடு முடிந்து இன்சுலின் ஏறியிருக்கும் நேரத்தில் பழைய கொழுப்பும் எரியாமல் தேங்கும். உங்கள் வயிற்றுக்குள்ளும் ஒரு செக்கு ஓடுகிறது தம்பி, அதற்கு விடுமுறையே இல்லை. செக்கடியில் நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள், எவ்வளவு சீனி போட்டு? முதலில் அதைச் சொல்லுங்கள்.

இயற்கைவாசிக்கு ஒரு வார்த்தை. 1929இல் பர் என்ற விஞ்ஞானித் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். வால் செதில்செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, கடைசியில் செத்தன. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை நம் உடம்பும் செய்துகொள்ளாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது இருக்கிறது. உங்கள் ஒவ்வொரு செல்லின் உறைக்கும் அடிப்படை கொழுப்புதான். அதை விஷம் என்று கழுவித் தள்ளினால் கழுவுவதற்கு ஆளே மிஞ்சாது.

வெள்ளாட்டுக்காரி, உசிலம்பட்டி

ஐயா, குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் ஆடு ஒன்று நினைவுக்கு வந்தது. வயிற்றில் இரட்டைக் குட்டி, ஈனப் பதினைந்து நாள் இருந்தது. நன்றாகக் கொழுத்த ஆடு. திடீரென்று தீவனத்தைத் தொடவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றது, மூச்சில் அழுகிய பழ வாடை. கால்நடை மருத்துவர் வந்து, உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கீட்டோன் ஏறிவிட்டது என்றார். சரி. ஆனால் வாய்வழியாக அவர் கொடுத்தது கிளிசரின், அதாவது கிளிசரால். கிளிசரால் என்பதும் கொழுப்பிலிருந்து வருவது என்கிறீர்களே? கொழுப்பால் தவிக்கிற ஆட்டுக்குக் கொழுப்பில் ஒரு துண்டையே ஏன் கொடுத்தார்? ஆடு பிழைத்துவிட்டது, அதனால் அன்று கேட்கத் தோன்றவில்லை.

நாகமலையார்

அம்மா, முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், இப்படி ஒரு கேள்வி வகுப்பில் வந்ததில்லை.

கொழுப்பு மூலக்கூறு மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி. பல் மூன்றும் கொழுப்பு அமிலம், முதுகுக்கட்டை கிளிசரால். பற்கள் விலங்கின் உடம்பில் சர்க்கரையாக மாறாது, முதுகுக்கட்டை மாறும். குட்டிகள் இரண்டும் தாயின் ரத்தச் சர்க்கரையை உறிஞ்சுகின்றன. வயிறு நெருக்குவதால் தாய் போதிய தீவனம் எடுக்க முடியவில்லை. உடம்பு கொழுப்பைக் கரைத்துப் பார்க்கிறது, கல்லீரல் அதைக் கீட்டோனாக மாற்றித் தள்ளுகிறது, ஆனாலும் சர்க்கரை வருவதில்லை. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் குத்த உரல் இல்லாத வீடு அது. உங்கள் மருத்துவர் சர்க்கரையாகக்கூடிய அந்த முதுகுக்கட்டையை மட்டும் தனியே கொடுத்திருக்கிறார். சர்க்கரையையே ஊட்டியிருக்கலாமே என்றால், அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். கிளிசரினில் ஒரு பங்காவது தப்பி ரத்தத்துக்குப் போகும்.

அடுத்த முறை இரட்டைக் குட்டி என்று தெரிந்தால், கடைசி ஒன்றரை மாதம் தானியத் தீவனத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். அதற்கு முன்னாலேயே கொழுக்கவிடாதீர்கள்.

தம்பிக்கும் ஓர் எச்சரிக்கை. நனைந்து முளைத்த கடலையில் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஆட்டாதீர்கள், பிண்ணாக்கை மாட்டுக்கும் வைக்காதீர்கள். அஃப்ளாடாக்சின் நஞ்சு கல்லீரலைப் பிடிக்கும், வறுத்தாலும் முழுவதும் போகாது.

செக்கடியான்

ஐயா, டீ ஏழு. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. எழுதும்போதே கை கூசுகிறது. இரண்டாகக் குறைத்திருக்கிறேன், சீனி இல்லாமல். கூட வரும் வர்க்கியையும் விட்டாயிற்று. மருத்துவரிடமும் சொன்னேன், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். வீட்டில் தோசைக்கு எண்ணெய் திரும்ப வந்துவிட்டது, அளவாகத்தான்.

மாமா விஷயத்துக்கு ஒன்று செய்தேன். நல்ல விதைக்கடலை கொஞ்சம் எடுத்து ஈரத்துணியில் கட்டி வைத்தேன். நாளுக்கொரு பருப்பை எடுத்து, வெயிலில் முறுகக் காயவைத்து, மகளின் பழைய நோட்டுத் தாளில் வைத்து அம்மிக்குழவியால் ஒரே நசுக்கு. பக்கத்திலேயே தேதி. முதல் நாள் கறை ஒரு ரூபாய்க் காசை விடப் பெரிது, தாளுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. ஐந்தாம் நாள் கறை சுருங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் ஓரத்தில் ஒரு கீற்று, மற்றபடி வெறும் மாவு.

இன்று காலை டீக்கடையிலேயே மாமாவுக்குத் தாளைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். கடைசியில், "சரிடா, முதல் நாளே ஆட்டியிருந்தால் எண்ணெய் எனக்கு வந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை?" என்று அடுத்த சண்டையை ஆரம்பித்துவிட்டார்.