அந்த நாள் ராஷோமோன் காப்பியா? இன்னும் எத்தனை வருஷம் இதையே சொல்வீர்கள்?

ரீல்பெட்டி:
பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி ஒரு யூடியூப் வீடியோ பார்த்தேன். பையன் நன்றாகத்தான் பேசுகிறான். ஆனால் 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' படம் வந்ததும், "இது ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ராஷோமோனைச் சுட்டு எடுத்தது" என்று ஒரே வரி. அவ்வளவுதான், அடுத்த படத்துக்குப் போய்விட்டான். கீழே எல்லோரும் வரிசையாக ஆமாம் போடுகிறார்கள். இதில் எத்தனை பேர் இரண்டு படத்தையும் பார்த்தார்கள்?

ராஷோமோனில் கொள்ளைக்காரன் "நான்தான் கொன்றேன்" என்கிறான். மனைவி, தன் குத்துவாள்தான் கணவன் மார்பில் இருந்தது என்கிறாள். செத்தவனின் ஆவி வந்து "நானே குத்திக்கொண்டேன்" என்கிறது. மூன்று பேரும் கொலையைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். 'அந்த நாள்' படத்தில் ராஜன் கொலையாகிறான். விசாரணையில் சின்னையா பட்டாபியைக் கைகாட்டுகிறார், பட்டாபி தன் மனைவி ஹேமாவை, ஹேமா அம்புஜத்தை, அம்புஜம் திரும்பச் சின்னையாவை. ஒருவர்கூட "நான் செய்தேன்" என்று சொல்லவில்லை. இது எப்படி ஐயா அதுவாகும்?

தெற்குவாசல்:
ஒரு கொலை. பல பேர். ஆளுக்கு ஒரு கதை, ஆளுக்கு ஒரு பிளாஷ்பேக். ராஷோமோன் 1950, 1951-இல் வெனிஸ் படவிழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசப் படவிழா பம்பாயில் நடந்து, அப்புறம் சென்னைக்கும் வந்தது. ராஷோமோனும் அதில் இருந்தது. 1954-இல் அந்த நாள். கணக்கு சரியாக வருகிறதே, இன்னும் என்ன வேண்டும்? யார் யாரைக் கைகாட்டினார்கள் என்பதெல்லாம் மேல்பூச்சு.

ரீல்பெட்டி:
மேல்பூச்சா? கதையே அதுதான்! ராஷோமோனில் ஒரே சம்பவத்தை அந்த மூன்று பேரும் ஒரு விறகுவெட்டியுமாகச் சொல்ல நான்கு தடவை காட்டுகிறார்கள், நான்கும் ஒன்றுக்கொன்று முரண். அந்த நாளில் ஒரே சம்பவம் நான்கு தடவை வருகிறதா? இல்லை. ஒவ்வொருவரும் சொல்வது ராஜனோடு யாருக்கு என்ன பகை இருந்தது என்ற வேறு வேறு பழைய கதை. சொத்துத் தகராறு ஒன்று, கள்ள உறவு ஒன்று. கடைசியில் உண்மை ஒன்று வெளியே வருகிறது, கேஸ் முடிகிறது. ராஷோமோனில் அந்த மழையும் இடிந்த வாசலும் மட்டும்தான் மிச்சம், உண்மை எது என்று யாருக்கும் தெரியாது.

கேமராக்கண்:
ரீல்பெட்டி சார் வந்துவிட்டார், இனி வேறு யாரும் பேச முடியாது. நாயகன் இழையில் நாங்கள் காட்ஃபாதர் என்று சொன்னதற்கு "வரதராஜ முதலியார் கதை, வாயை மூடு" என்றவர்தானே நீங்கள்? அன்றைக்கு ஆள்கூட்டம் சேர்த்து என் பதிவை நீக்க வைத்ததை நான் மறக்கவில்லை. தமிழ்ப் படம் எதையும் எங்கிருந்தும் எடுக்கவில்லை என்று நிரூபிப்பதுதான் உங்களுக்கு முழுநேர வேலை.

ரீல்பெட்டி:
நாயகனை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? உங்கள் பதிவை நீக்கியது நான் இல்லை, வசைச்சொல் இருந்ததால் போனது. சரி, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? அந்தோணி அஸ்க்வித் எடுத்த 'தி உமன் இன் க்வெஸ்சன்' என்று ஒரு இங்கிலாந்துப் படம், அதுவும் 1950. குறி சொல்லும் பெண் ஒருத்தி கொலையாகிக் கிடக்கிறாள், போலீஸ் விசாரிக்கிறது, ஐந்து பேர் ஐந்து விதமாக அவளைப் பற்றிச் சொல்கிறார்கள். விசாரணை அதிகாரி, சந்தேகப் பட்டியல், கடைசியில் கொலையாளி. அந்த நாளில் ஜாவர் சீதாராமன் நடித்த துப்பறியும் அதிகாரி சிவானந்தத்துக்கு அண்ணன் முறை யார் என்று கேட்டால் அங்கே போய்ப் பாருங்கள். ராஷோமோனில் துப்பறிகிறவனே கிடையாது. விசாரிக்கும் நீதிபதி முகத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள்.

தெற்குவாசல்:
ஆக காப்பி என்று ஒத்துக்கொண்டீர்கள். ஜப்பானிலிருந்து இல்லை, லண்டனிலிருந்து. நன்றி.

ரீல்பெட்டி:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ராஷோமோன் இல்லை என்றேன். ராஷோமோன் இல்லை. இன்னும் நூறு தடவை கேட்டாலும் இல்லை.

கொட்டகைக்காரன்:
முதலில் காப்பி என்றால் என்ன, பாதிப்பு என்றால் என்ன என்று பேசிவிட்டு மேலே போகலாமே?

தெற்குவாசல்:
அதெல்லாம் தேவையில்லை அண்ணே. ஆளுக்கு ஒரு கதை சொன்னால் ராஷோமோன். உலகமே அப்படித்தான் சொல்கிறது.

புதுமுகம்:
ஒரு வேண்டுகோள். நான் இன்னும் படம் பார்க்கவில்லை. கொலைகாரர் யார் என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள்.

கேமராக்கண்:
படம் வந்து எழுபது வருஷம் ஆகிறது தம்பி. பண்டரிபாய்தான் சுட்டது.

புதுமுகம்:
கேட்டும் வேண்டுமென்றே எழுதியிருக்கிறீர்கள். இது என்ன மாதிரி புத்தி?

ரீல்பெட்டி:
இதுதான் கேமராக்கண்ணின் தரம். தம்பி, அது தெரிந்தாலும் போய்ப் பார். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டிக் கதை தொடங்குகிறது. ராஜன் ரேடியோ இன்ஜினியர். ஏழைகளும் வாங்கும்படி மலிவு ரேடியோ செய்ய நினைக்கிறான், இங்கே மதிக்கவில்லை, அந்தக் கசப்பில் நாட்டு ரகசியத்தை ஜப்பானுக்கு விற்கிறான். பராசக்தி வந்து இரண்டே வருஷம், ஜனங்கள் சிவாஜியைத் தலையில் வைத்துக் கொண்டாடும் நேரத்தில் அவர் தேசத்துரோகியாக நடிக்கிறார், படத்தின் தொடக்கத்திலேயே செத்துப்போகிறார். பராசக்தியில் அவருக்கு ஜோடியாக நடித்த பண்டரிபாய்தான் இதில் மனைவி. கட்டிய புருஷனா நாடா என்று அந்த உஷா நிற்கும் இடம் எந்த ஜப்பான் படத்திலிருந்து வந்தது? தெற்குவாசல் சொல்லட்டும்.

பாட்டுப்புத்தகம்:
பாட்டே இல்லாமல் எடுத்ததை ஏன் யாரும் பேசவில்லை? வீணை வித்வான் ஒருத்தர் படம் எடுக்கிறார், அதில் ஒரு பாட்டு இல்லை. என் வரையில் அது வீண் பிடிவாதம். பாட்டு இருந்திருந்தால் படம் ஓடியிருக்கும்.

தெற்குவாசல்:
பாட்டில்லாத படம் என்றால் பி.ஆர். சோப்ராவின் கானூன்தான் முன்னோடி.

ரீல்பெட்டி:
கானூன் 1960. அந்த நாள் 1954. இதைக்கூடப் பார்க்காமல் எழுதுகிறவர் ராஷோமோனைப் பற்றி எனக்குச் சொல்லித்தருகிறார். பாட்டுப்புத்தகம், உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்த ஒரு வீட்டுக்குள் சந்தேகம் மேல் சந்தேகமாக ஏறிக்கொண்டே போகிறது, நடுவில் ஒரு டூயட் வந்தால் எல்லாம் இறங்கிவிடும். மாருதிராவ் கேமராவில் நிழலை வைத்துச் செய்திருக்கும் வேலையைப் பாருங்கள், பாட்டு எங்கே என்று கேட்கத் தோன்றாது. பாலச்சந்தருக்குப் பாட்டு வெறுப்பும் கிடையாது. 1964-இல் அவரே பொம்மை எடுத்தார், ஜேசுதாஸ் பாடிய 'நீயும் பொம்மை நானும் பொம்மை' அதில்தான். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவருக்குத் தெரியும்.

பாட்டுப்புத்தகம்:
ஓடவில்லை என்பதற்குப் பதில் வரவில்லை.

ரீல்பெட்டி:
இரண்டாவது தேசிய விருதுகளில் சான்றிதழ் வாங்கிய படம். ஓடிய படங்களில் எத்தனையை இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க முடிகிறது?

கேமராக்கண்:
இப்போது விருதுப் பட்டியல். கேட்டது ராஷோமோன். சுற்றிச் சுற்றி எல்லாம் சொல்கிறார், பாலச்சந்தர் ராஷோமோன் பார்த்தாரா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

ரீல்பெட்டி:
பார்த்திருந்தாலும் என்ன? ஒரு படத்தைப் பார்த்தவன் எடுப்பதெல்லாம் அதன் காப்பியா? படத்துக்குள் காட்டுங்கள். எந்தக் காட்சி, எந்த ஷாட், எந்தத் திருப்பம்? ஒன்று சொல்லுங்கள், ஒன்றே ஒன்று. காலையிலிருந்து கேட்கிறேன். தமிழில் உண்மையிலேயே ராஷோமோனுக்குப் பக்கத்தில் வரும் படம் வேண்டுமென்றால் 2004-இல் வந்த விருமாண்டி இருக்கிறது. நடந்ததைக் கொத்தாளத் தேவர் ஒரு விதமாகச் சொல்கிறார், அதையே விருமாண்டி வேறு விதமாகச் சொல்கிறான். அதே சம்பவம், அதே இடம், வேறு உண்மை. அப்படி ஒரு காட்சி அந்த நாளில் எங்கே இருக்கிறது?

கோடம்பாக்கம்வாசி:
விருமாண்டியில் இரண்டு பேர்தான் சொல்கிறார்கள். அதுவும் கடைசியில் விருமாண்டி சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடுகிறது. அது எப்படி ராஷோமோன்?

ரீல்பெட்டி:
பக்கத்தில் வரும் என்றுதான் எழுதியிருக்கிறேன். திரும்பப் படியுங்கள்.

கோடம்பாக்கம்வாசி:
உங்கள் வசதிக்குக் கமலுக்கு ஒரு சட்டம், பாலச்சந்தருக்கு ஒரு சட்டம்.

தெற்குவாசல்:
சரியாகப் பிடித்தீர்கள். பல பேர், பல கதை, ஒரு கொலை. நான் முதல் பதிவில் சொன்னதுதான்.

ரீல்பெட்டி:
எந்தக் காட்சி என்று கேட்டேன் தெற்குவாசல். இன்னும் பதில் வரவில்லை. ராத்திரி படத்தை மறுபடி போட்டு, சின்னையா வாக்குமூலத்தில் தொடங்கி நிமிஷக் கணக்கோடு இங்கே எழுதுகிறேன். நீங்கள் பக்கத்தில் ராஷோமோனை ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

கேமராக்கண்:
எழுதுங்கள். நாயகனுக்கும் இதையேதான் எழுதுவதாகச் சொன்னீர்கள்.