ஜிம்மி காதில் மறுபடியும் நாற்றம்: மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடலாமா?

செம்பருத்தி, பட்டுக்கோட்டை:
எங்க நாய் ஜிம்மி லாப்ரடார், 4 வயசு. குளத்தைக் கண்டால் கயிற்றோடு இழுத்துக்கொண்டு போய் விழுந்துவிடுவான். இப்போ வலது காதில் புளித்த வாடை, பழுப்பாகப் பிசுபிசுவென்று அழுக்கு. ராத்திரி முழுக்கத் தலையை உதறுகிறான், தொட்டால் கத்துகிறான். மழைக்காலத்தில் வந்தபோது டாக்டர் தந்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கிறது. அதையே விடலாமா? மாமியார் பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார். பிள்ளை படுகிற பாடு பார்க்க முடியவில்லை.

கொங்கு வேட்டை:
எண்ணெய் வேண்டவே வேண்டாம் சகோதரி. ஈரமும் பிசுக்கும் உள்ளேயே தங்கிவிடும். டார்ச் அடித்து உண்ணி இருக்கிறதா என்று மட்டும் பாருங்க.

காக்கர் அம்மா:
செம்பருத்தி, பழைய மருந்தைத் தொடாதீங்க. நாய்க்குக் காதுக்குழாய் நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்பும். செவிப்பறை அந்தத் திருப்பத்துக்கு அப்பால் இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது. அதில் ஓட்டை விழுந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்து உள்காதுக்குப் போய்க் கேட்கும் திறனையே கெடுத்துவிடலாம். டாக்டர் கருவி வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எதுவும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஈஸ்ட் மாதிரி இருக்கு. மலசீசியா என்ற அந்தப் பூஞ்சை தோலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும், ஈரம் கிடைத்தால் பெருகிவிடும். ஆனால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம். போன தடவை இருந்த கிருமிதான் இப்போதும் என்று சொல்ல முடியாது. அழுக்கைப் பஞ்சில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்க. சிறிய சோதனைதான், ஆனால் எந்த மருந்து என்பதே அதில்தான் இருக்கு. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே?

டாக்டர் சரி என்ற பிறகு கழுவும் திரவத்தைக் காது நிறைய ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசைந்துவிடுங்க. சளக் சளக் என்று சத்தம் வரணும். அவனே உதறட்டும். விரல் எட்டும் தூரம் வரைக்கும் பஞ்சால் துடைத்தால் போதும். பட்ஸ் குச்சி அழுக்கை உள்ளே தள்ளும். இனிமேல் குளத்திலிருந்து ஏறியதும் காதை உலர்த்தணும்.

நாற்றம் போனதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். மறுபடி காட்டி, உள்ளே சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை மருந்தை நிறுத்தாதீங்க.

மதுரை டாமி:
பாதத்தையும் நக்குகிறானா? அப்படியானால் ஒவ்வாமையாக இருக்கலாம். எங்க டாமிக்குக் கோழி ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் சொன்ன உணவை மட்டும் 8 வாரம் கொடுத்துத்தான் கண்டுபிடித்தோம். அதுவரை காதுக்கு மருந்து விட்டே அலுத்துப்போனோம்.

செம்பருத்தி:
ஆமா, முன்னங்கால் விரலிடுக்கை நக்கிக்கொண்டே இருப்பான்! அதை டாக்டரிடம் சொல்லணும் என்றே தோன்றவில்லை. நாளைக் காலையில் கிளம்புகிறோம். சாப்பாடு கொடுக்கலாமா?

காக்கர் அம்மா:
வலியில் காட்டமாட்டான் என்றால் மயக்க ஊசி தேவைப்படலாம். அதனால் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கொடுங்க. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ காலைவரை காத்திருக்காதீங்க, உடனே தூக்கிக்கொண்டு போங்க. இன்று ராத்திரி காதைத் துடைக்கவும் வேண்டாம். சோதனைக்கு அந்த அழுக்கு வேணும்.